செவலை இளைத்த கதை

வன்னிக்குளம் வைரவர் கோயில் தெருவில் ஒருத்தருக்கும் பாவம் கிடையாது, இருந்ததையெல்லாம் ஒரு நாய் தின்றுவிட்டது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். தேய்பிறை அஷ்டமியன்று வைரவர் சன்னதி முன்னால் நாய்க்குச் சோறு வைத்தால் செய்த வினை கழியும் என்று எந்த ஜோசியரோ சொல்லப்போக, பொய்ச்சாட்சி சொன்னவன் தயிர்ச்சோறு கொண்டுவந்தான், கோள் மூட்டிக் கல்யாணத்தைக் கெடுத்தவள் பாலில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொண்டுவந்தாள், மாமியாருக்கு மருந்து வாங்கித்தராமல் இழுத்தடித்தவள் நெய் விட்டுப் பிசைந்த பருப்புச்சோறு கொண்டுவந்தாள், வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, நெஞ்சு லேசாகி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள். நாய் தின்றது. தின்னாமல் என்ன செய்யும், அது நாய்.

செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். குட்டியாக இருக்கையில் அது கோழிகளை விரட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு. இப்போது ஓட்டமாவது ஒன்றாவது, எழுந்து நிற்பதே பெரும்பாடு. சன்னதிக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் நெல்மூட்டையைச் சாய்த்துப்போட்ட மாதிரி கிடக்கும், மூச்சு விட்டால் கூடவே ஒரு விசில் சத்தம் வரும், முதுகில் ஈ உட்கார்ந்தால் விரட்டுவதற்கு வாய் அந்தப் பக்கம் திரும்பாது. தெருவே அதை வைரவர் என்று கூப்பிட்டது, சாமிக்கு என்ன பூரிப்பு என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முப்பிடாதி மட்டும் அதற்கு ஒரு பருக்கை வைத்ததில்லை. அவளிடம் கழிக்க வேண்டியது எதுவும் இல்லை, கழிந்துபோகாமல் காப்பாற்ற வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அவளும் அவள் அக்கா உலகம்மாளும் ஆவுடையப்பனுடைய தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனவர்கள், அந்தப் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அக்காவுக்கு உள்ளே குச்சி முனைக்கு மருந்து முக்குகிற ரூமில் வேலை, தங்கச்சிக்கு வெளியே குச்சி காயப்போடுகிற களத்தில். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பெண்கள் பின்கதவு வழியாக எழுந்துபோவதில் வேலை கெடுகிறதென்று ஆவுடையப்பன் அந்தத் தகரக் கதவை வெளியே பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டான். சித்திரை வெயிலில் ஒருநாள் மருந்து பற்றிக்கொண்டது. முன்பக்கம் முழுக்க நெருப்பு, முப்பிடாதி பின்பக்கம் ஓடி ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடித்தாள், அடித்தாள், பித்தளைப் பூட்டு நசுங்கியதே தவிரத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து நகத்தால் கதவைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அது கேட்கவில்லை.

செத்தவர்கள் நாலு பெண்கள். கதவு திறந்துதான் இருந்தது, பொம்பளைங்க பதறிப்போய் வாசலைத் தவறவிட்டுட்டாக என்று விசாரணையில் ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். வாளியும் குடமுமாக ஓடிவந்து தண்ணீர் ஊற்றிய தெரு முழுக்க அந்தப் பூட்டைப் பார்த்திருந்தது, ஆனால் பாதித் தெருவுக்கு அவனிடம் வேலை, மீதித் தெருவுக்கு அவன் தயவு, ஆகவே நான் கவனிக்கலையே என்று ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டு, அடுத்த அஷ்டமிக்கு நாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகவே சோறு வைத்தார்கள்.

முப்பிடாதி அவன் பங்களா வாசலுக்குப் போனாள். அவள் கேட்கப்போனது ஒன்றே ஒன்று. கதவைப் பூட்டினது நான்தான் என்று அவன் வாயால் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மொதலாளி பூசையில இருக்காக, நாளைக்கு வா என்றான் வாட்ச்மேன். மறுநாள் போனாள், மொதலாளி அசந்து தூங்குறாக, நாளைக்கு வா. ஆடியிலும் போனாள், ஐப்பசி மழையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டும் போனாள், சாத்திய இரும்புக் கேட்டுக்குப் பின்னாலிருந்து நாளைக்கு வா, நாளைக்கு வா என்றே கேட்டது. அப்புறம் அவள் போவதை நிறுத்திக்கொண்டாள், வத்தல் மண்டியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற வேலைக்குச் சேர்ந்து, அந்த எரிச்சலையும் தன் எரிச்சலோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

இப்படியே வருஷங்கள் போக, ஓர் அஷ்டமியன்று சாயங்காலம் மண்டியிலிருந்து வரும்போது அவனைச் சன்னதியில் பார்த்துவிட்டாள். பெரிய வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல், நெய் மேலே குளம் கட்டி நின்றது, முந்திரிப்பருப்பு மிதந்தது. அவன் தன் கையால் அள்ளி அள்ளி வைக்க, நாய் படுத்த இடத்திலிருந்தே கழுத்தை மட்டும் நீட்டித் தின்றது, முனகிக்கொண்டே தின்றது, நிறுத்தத் தெரியாமல் தின்றது. பானை காலியானதும் ஆவுடையப்பன் எழுந்தான், வேட்டியைத் தட்டிவிட்டான், மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி துள்ளி நடந்து போனான். எங்க அக்காவை இந்த நாய் வயித்துக்குள்ள போட்டு மூடிட்டுப் போறான் பாரு என்று முப்பிடாதி வாய்விட்டே சொன்னாள்.

அன்றைக்கே பழவண்டிக்காரர் ஒருவரிடம் தள்ளுவண்டியை இரவல் வாங்கி, மூன்று ஆட்களைப் பிடித்து, நாயை ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதன்மேல் அவளுக்கு அன்பு ஒன்றும் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். அவனுக்குச் சோறு வைக்க நாய் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் எண்ணம்.

மறுநாள் நாய்க்கு மூச்சு முட்டியது, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் ஜெஸிந்தா நாயின் பக்கவாட்டில் இரண்டு கையையும் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"விலா எலும்பு எங்க இருக்குன்னே தெரியலையேம்மா. தடவுனா கைக்கு எலும்பு தட்டுப்படணும், மேலருந்து பார்த்தா இடுப்பு தெரியணும். இதுக்கு இடுப்பே இல்ல. இப்படியே விட்டா மூட்டு போயிரும், நெஞ்சு நின்னுரும்."

"என்ன செய்யணும்?"

"நெய், பிஸ்கட், இனிப்பு எதுவும் கூடாது. சோத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சு, பூசணியும் பீன்ஸும் வேகவச்சுப் போடுங்க, அவிச்ச முட்டை ஒண்ணு. காலையில கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம் நடக்க விடுங்க. அடுத்தவங்க கையால ஒரு வாய் வாங்கித் திங்கக்கூடாது."

"பட்டினி போட்டா சீக்கிரம் எறங்குமே."

"பட்டினி போட்டா எடை எறங்காது, நாய்தான் குழியில எறங்கும்" என்றார் டாக்டர்.

முதல் நாள் நடை தெருவிளக்குக் கம்பம் வரைக்கும். கம்பத்தடியில் செவலை படுத்துக்கொண்டது, முப்பிடாதியும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள், நாய் எழுந்தபோது எழுந்தாள். பிறகு மாவுமில் வரைக்கும், பிறகு கண்மாய்க்கரை வரைக்கும் என்று நடை நீண்டது. வாரம் ஒருமுறை வத்தல் மண்டியில் மிளகாய் மூட்டை நிறுக்கிற தராசில் அதை ஏற்றி நிறுத்தினாள், தராசுக்காரர் சுடலை நிறுத்துப் பார்த்துச் சொல்வார், நாய் தும்மும், சுடலையும் தும்முவார். முதல் தடவை எடை இறங்கியதாக அவர் சொன்ன அதே காலையில், எதிர்வீட்டுப் பாக்கியத்தாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, நாற்காலி நாலு காலையும் விரித்துக்கொண்டு உடைந்தது.

பாக்கியத்தாய் பருக்கவில்லை. அதே ரவிக்கைதான், அதே வளையல்தான், கன்னத்தில்கூட ஒரு சதை ஏறவில்லை, ஆனால் கயிற்றுக்கட்டில் அவளுக்குக் கீழே தரையைத் தொட்டது. மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். நாய் இறக்கிவைத்தது எவ்வளவோ அவ்வளவு அவள்மேல் ஏறியிருந்தது. எதனால் என்று தெரு ரொம்ப யோசிக்கவில்லை, கொடுத்த பாத்திரம் கொடுத்த வீட்டுக்குத்தானே திரும்பி வரும் என்று விட்டுவிட்டார்கள். பாக்கியத்தாய்க்கும் தெரியும், அது இன்ன அஷ்டமிக்கு வைத்த பால் பிஸ்கட், இன்ன பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்ததற்கு வைத்தது என்று அடிவயிற்றிலேயே தெரியும். ஒரு வாரம் சுமந்து பார்த்தாள். முடியாமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் படியேறிப் போய், நாந்தான் ஆத்தா சொல்லிக் கெடுத்தேன் என்றாள். அந்தப் பெண் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரைக்கும் கேட்டாள், மன்னிக்கவில்லை, வாசலில் காறித் துப்பினாள், ஆனால் கேட்டாள். பாக்கியத்தாய் திரும்பி வரும்போது லேசாக நடந்து வந்தாள்.

இப்படித்தான் தெருவுக்கு முறை பிடிபட்டது. நாய் இளைக்க இளைக்க மேலாக இருந்த லேசான வினை முதலில் திரும்பும், அடியில் அமுங்கிக் கிடக்கிற கனத்த வினை கடைசியில் திரும்பும். திரும்பினது இறங்க வேண்டுமானால் யாருக்குச் செய்தோமோ அவர்கள் காதில் போய்ச் சொல்ல வேண்டும், அவர்கள் இல்லையென்றால் அவர்கள் வீட்டு ஆட்கள் காதில். ஆள் அனுப்பினால் இறங்காது, போனில் சொன்னால் இறங்காது, அவர்கள் காதுகொடுத்துக் கேட்காவிட்டாலும் இறங்காது. தெரு அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட்டுக் கல்பெஞ்சு போட்டார்கள், டவுன்பஸ் கண்டக்டர் வைரவர் தெருக்காரர்களைப் படியில் ஏற விடாமல் நடு பஸ்ஸில் நிற்கவைத்தார், மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார் ஜாதகத்தைச் சுருட்டி வைத்துவிட்டு மாப்பிள்ளையை மண்டித் தராசில் ஏற்றச் சொன்னார்கள். மண்டியில் எந்நேரமும் கூட்டம், எந்நேரமும் தும்மல்.

எல்லாரும் முப்பிடாதியைத்தான் வைதார்கள். பூசாரி சிதம்பரமே நாலு பேரோடு அவள் வாசலுக்கு வந்துவிட்டார், முந்தின நாள்தான் அவருடைய சைக்கிள் இரண்டாக மடிந்திருந்தது.

"ஏம்மா முப்பிடாதி, சாமி நாயை இப்படி வத்தப்போட்டா ஊருக்கு ஆகுமா? பழையபடி சன்னதியில விட்டுரு தாயி."

முப்பிடாதி பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே நிமிர்ந்தாள். "சாமி நாய்னா நல்லா இருக்கணும்லா? மூச்சுவிட முடியாமக் கெடந்துச்சே, அப்ப எங்க போனீக? உங்க வீட்டுக் குப்பையைக் கொட்டிவைக்கிறதுக்கு இது வயிறு என்ன குப்பைத்தொட்டியா?"

"உனக்கு என்னதான் வேணும்?"

"அடியில ஒருத்தன் இருக்கான். அவன் வெளிய வரணும். நடுவுல நீங்க வாறீகன்னா அதுக்கு நான் என்ன செய்ய?"

பூசாரி போய்விட்டார். ஆனி மாதத்தில் ஒருநாள் விடிந்ததும் தெரு முழுக்க ஒருத்தராலும் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஒரே கனம், நெஞ்சின்மேல் ஆட்டுக்கல் இறங்கினது போல. அது எது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, தரை அதிர முப்பிடாதி வீட்டு வாசலுக்கு வந்து வரிசையாக நின்றார்கள். முதலில் பூசாரி.

"நான் பூட்டைப் பாத்தேன்ம்மா."

"என்ன பூட்டு?"

"பித்தளைப் பூட்டு."

"சத்தம் கேட்டுச்சா?"

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டுச்சு."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். அடுத்து பாக்கியத்தாய், அடுத்து மாவுமில்காரன், அதற்கடுத்து யார் யாரோ, ஒவ்வொருத்தரிடமும் அதே இரண்டையும் கேட்டாள், ஒருத்தரையும் பாதியில் விடவில்லை, பித்தளை என்று சொல்லாதவனை மறுபடியும் வரிசையின் வாலில் போய் நிற்கச் சொன்னாள். மத்தியானம் வரைக்கும் அது நடந்தது, சொல்லி முடித்தவர்கள் செத்த மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் அப்படியே போனார்கள். செவலை அவள் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை பேரும் அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று ஆத்திரம்தான் வந்தது.

அதற்குப் பிறகு தராசு முள் அசையவே இல்லை. மிச்சமிருந்த கனம் எல்லாம் ஒருத்தனுடையது, அது ஆழத்தில் இருந்தது, இறங்குவேனா என்றது. அவன் பங்களாவில் இன்னும் துள்ளித்தான் நடக்கிறான் என்று வாட்ச்மேன் வெளியே சொன்னது காதில் விழ, முப்பிடாதிக்குப் பொறுமை போயிற்று. பாதிச் சோற்றைப் பாதியாக்கினாள், அதையும் பாதியாக்கினாள். அஷ்டமியன்று செவலை பழைய ஞாபகத்தில் சன்னதிக்குப் போய்விடக்கூடாதென்று வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, கடையில் புதுப்பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டு மண்டிக்குப் போனாள்.

மத்தியானம் கஞ்சி குடிக்க வந்தவள் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. நகம் மரத்தில் ஓடுகிற சத்தம், ஓடி, நின்று, மறுபடி ஓடுகிற சத்தம். சாவி கையில் இருந்தது, பூட்டு முன்னால் இருந்தது, சாவி துவாரத்தில் போகமாட்டேன் என்றது. யக்கா, யக்கா என்று வாய் தானாகச் சொன்னது. ஒருவழியாகத் திறந்தபோது செவலை வெளியே வந்து அவள் காலடியில் விழுந்தது, பசியில் அதற்கு நிற்கக்கூட ஆகவில்லை, ஆனாலும் வாலை ஆட்டியது. முப்பிடாதி தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு, நானும் அவனும் ஒண்ணாயிட்டமே, நானும் அவனும் ஒண்ணாயிட்டமே என்று தெருவே கேட்க அழுதாள். உலகம்மாள் செத்தன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

பூட்டைக் கிணற்றில் போட்டாள். அது போதாமல், கதவின் கொண்டியையே கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே கிடந்தது. டாக்டர் சொன்ன அளவுக்குச் சோறு, முட்டை, பூசணி, காலையில் நடை, சாயங்காலம் நடை. செவலை வெளியே போக நினைத்தால் போகலாம், போகவில்லை. நடைக்கு நேரமாகிவிட்டால் அதுவே வந்து அவள் முந்தானை நுனியை வாயில் கவ்வி இழுக்கப் பழகிக்கொண்டது, கண்மாய்க்கரைக்குப் போய்க் கொக்கு விரட்டக் கற்றுக்கொண்டது. ஆவணி பிறக்கையில் முப்பிடாதி அதன் பக்கவாட்டைத் தடவ, விரலுக்கு விலா எலும்பு தட்டுப்பட்டது.

அந்த நேரத்தில் பங்களாவில் ஆவுடையப்பன் ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஊஞ்சல் சங்கிலி அறுந்து, பலகை உடைந்து, அவன் இருந்த இடத்தில் தளக்கல் மூன்று விரல்கடை உள்ளே போனது.

தினமும் கொஞ்சம் ஏறியது. மெத்தை கிழிந்தது, காரில் ஏறினால் கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்து எழுந்திருக்க மறுத்தது, நடந்தால் மொசைக் தரையில் பாதம் பதிந்த குழி விழுந்தது. ஆள் பழைய ஆள்தான், அதே மல்வேட்டி, அதே சந்தனப்பொட்டு, அதே ஒல்லிக் கை. ஜோசியரை வரவழைத்தான், அவர் பரிகாரத்தை மாற்றிக் காக்கைக்கு வை என்றார், காக்கை வரவில்லை. குளத்து மீனுக்குப் பொரி போடு என்றார், மீன்கள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. மதுரையிலிருந்து சாதிநாய் ஒன்றை வாங்கிவந்து பொங்கலை வைத்தான், அது முகர்ந்து பார்த்துவிட்டு மதில் ஏறிக் குதித்து ஓடியது, இன்றுவரைக்கும் அகப்படவில்லை. இதெல்லாம் முப்பிடாதியின் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. அவள் நன்றாகச் சாப்பிட்டாள், பல வருஷத்துக்குப் பிறகு ருசி தெரிந்து சாப்பிட்டாள், குழம்பில் உப்புக் கூடியிருந்ததைக்கூட அவள்தான் கண்டுபிடித்தாள்.

தேய்பிறை அஷ்டமி வந்தது. சாயங்காலம் வெயில் தாழ்கிற நேரத்தில் ஒரு டிராக்டர், பின்னால் கரும்பு ஏற்றுகிற டிரெய்லர், அதில் நடுவாக ஆவுடையப்பன், மடியில் அந்த வெண்கலப் பானை. டிராக்டர் திணறித் திணறித் தெருவுக்குள் வந்தது. முப்பிடாதி வீட்டு வாசலில் அவனைப் பலகை சரித்து இறக்கினார்கள், இறங்கின வேகத்தில் முழங்கால் மடங்கி மண்ணில் புதைந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது.

"ஏம்மா, நாயைக் கொஞ்சம் வெளிய விடு" என்றான் ஆவுடையப்பன்.

"கதவு தொறந்துதான் கெடக்கு" என்றாள் முப்பிடாதி. அவள் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரியே.

அவன் பானையைத் திறந்தான். நெய் வாசம் தெருவின் கடைசி வீடுவரைக்கும் போனது. செவலை எழுந்தது, உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்தது, படியிறங்கிப் போனது. கூப்பிட்டால் வரும் என்று முப்பிடாதிக்குத் தெரியும், கூப்பிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு வாய் தின்றாலும் போதும், இத்தனை மாதமும் நடந்த நடை அத்தனையும் வீண், அக்கா மறுபடியும் இருட்டுக்குள்ளே போய்விடுவாள். ஆவுடையப்பன் ஒரு கை பொங்கலை அள்ளி அதன் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினான், தின்னு சாமி, தின்னுருய்யா என்றான். செவலையின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மண்ணைத் தொட்டது. அது பொங்கலை முகர்ந்தது, அவன் கையை முகர்ந்தது, மணிக்கட்டை முகர்ந்தது, நிமிர்ந்து வானத்து வெயிலைப் பார்த்தது. பிறகு அவன் வேட்டி நுனியைக் கவ்வி, வா என்று இழுத்தது.

நடைக்கு நேரமாகியிருந்தது.

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டார். முப்பிடாதி வாசலுக்கு வந்தாள். "அது விடாது. நடங்க மொதலாளி."

"என்னால முடியலம்மா."

"அதுவும் இப்படித்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு. மொத நாளு அந்தக் கம்பம் வரைக்கும்தான் போச்சு."

ஆவுடையப்பன் கையை ஊன்றி எழுந்தான். ஒவ்வொரு அடிக்கும் கரிசல் மண் கணுக்கால்வரைக்கும் வாங்கியது, பிடுங்கி எடுத்து அடுத்த அடி வைத்தான், செவலை முன்னால் இழுத்துக்கொண்டு போனது, முப்பிடாதி பின்னாலேயே போனாள், அவளுக்குப் பின்னால் தெரு. விளக்குக் கம்பத்தைத் தாண்டி ஒரு வீட்டு வாசலில் செவலை உட்கார்ந்தது. தீயில் செத்த நாலு பேரில் ஒருத்தியின் வீடு, அவள் அப்பா நார்க்கட்டிலில் படுத்திருந்தார். ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தான், தெரு வழியை அடைத்து நின்றது. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போனான். பிறகு, கதவைப் பூட்டினது நாந்தான் என்றான். பெரியவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார், கேட்டு முடித்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அங்கிருந்து கிளம்பும்போது மண் கணுக்காலுக்குக் கீழேதான் வாங்கியது. அடுத்த வீட்டில் செத்தவளின் புருஷன், இவன் சொன்னதைக் கேட்டுவிட்டு ஓங்கி ஓர் அறை கொடுத்தான், அறைந்தவன் கைதான் வீங்கியது, ஆனால் அவனும் கேட்டான். மூன்றாவது வீட்டில் பத்து வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி, கேட்டுவிட்டு, எங்கம்மா தட்டுனாங்களா என்றாள். தட்டினாங்க என்றான் ஆவுடையப்பன்.

முப்பிடாதி இதையெல்லாம் பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் அவன் லேசாகிக்கொண்டே வருவதையும் பார்த்தாள், அது அவளுக்குப் பிடிக்கவில்லை. செவலை கண்மாய்க்கரைவரைக்கும் போய், கொக்குகளைப் பார்த்துக் குரைத்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பி நாலாவது வீட்டுக்கு வந்தது. நாலாவது வீடு அவளுடையது. அவள் முந்திக்கொண்டு உள்ளே போய், தட்டில் பூசணியும் சோறும் முட்டையும் எடுத்துவைத்துச் செவலைக்கு முன்னால் நகர்த்தினாள். ஆவுடையப்பன் வாசற்படிக்குக் கீழே நின்றான், வேர்வையில் சந்தனம் கரைந்து மூக்கில் ஒழுகியது, கால் இன்னும் விரல் புதைகிற அளவுக்கு மண்ணில் இறங்கியிருந்தது. மிச்சம் இருந்தது உலகம்மாளின் பங்குதான்.

"ஏம்மா முப்பிடாதி, உங்க அக்காளை" என்று அவன் ஆரம்பித்தான்.

அவள் இரண்டு காதையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவன் வாய் அசைந்து நிற்கிறவரைக்கும் பொத்திக்கொண்டிருந்துவிட்டு, கையை எடுத்தாள்.

"நாய் சாப்பிடுது மொதலாளி. நேரமாயிருச்சு, நாளைக்கு வாங்க."

மறுநாள் வந்தான். டிராக்டர் இல்லாமல், விடிந்ததிலிருந்து அடிவைத்து அடிவைத்து, நடைக்கு நேரமாகிறபோது வந்து சேர்ந்தான், செவலை வேட்டியைக் கவ்விக் கண்மாய்வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தது. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், கை ஓயலை, நாளைக்கு வாங்க என்றாள். அதற்கு மறுநாள் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் அவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான், நல்ல மழை, வாசலில் தண்ணீர் ஓடியது, பாக்கியத்தாயே மனசு பொறுக்காமல், ஒரு வார்த்தைதான் கேட்டுட்டு விட்டுரேன் தாயி என்றாள். முப்பிடாதி செவலையின் முதுகு ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் வைரவர் கோயில் தெருவுக்குச் சாயங்காலம் போனால் பார்க்கலாம். முன்னால் இடுப்பு தெரிகிற ஒரு செவலை நாய், டாக்டர் ஜெஸிந்தா மற்ற நாய்க்காரர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுகிறார், பின்னால் மண்ணில் விரல் பதிய நடக்கிற ஒரு மனுஷன். இருவரும் நாலாவது வீட்டுக்கு வந்து நிற்பார்கள். அந்த வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கும், அதற்குக் கொண்டியே கிடையாது, உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரியும். நாய் உள்ளே போய்விடும். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, வாசலை நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகத்தான் சொல்வாள், நாளைக்கு வாங்க மொதலாளி.